கடல் இருக்கட்டும், தண்டாஸ் இருக்கா?

பினாங்கில் குடியிருப்பவர்களுக்கு டிசம்பர் வந்தால் உத்தியோகம் மாறிவிடும். மற்ற மாதங்களில் ஆசிரியை, கிளார்க், கணக்கர் என்று என்னவாக இருந்தாலும் சரி, அந்த ஒரு மாதம் எல்லாரும் சுற்றுலா வழிகாட்டிதான். கோலாலம்பூர்ச் சொந்தங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நாங்கள் தினமும் காலையில் கடலில் முங்கி எழுந்துதான் வேலைக்குப் போகிறோமாம். நான் கடலைப் பார்ப்பது 101 பஸ் ஜன்னல் வழியாக, அதுவும் அந்தப் பக்கம் உட்கார இடம் கிடைத்தால். கால் நனைத்து எத்தனை காலம் ஆச்சு என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

இந்த முறை வந்தது செந்தூல் பெரியம்மா குடும்பம். பெரியம்மா, பெரியப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இருவர். அண்ணன் முதலில் போட்ட திட்டத்தில் பினாங்கே இல்லை. பெர்ஹெந்தியான் தீவுதான் வேண்டும், கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்ஆப்பில் படமாகப் போட்டுத் தள்ளினார். டிசம்பரில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் பெரும்பாலான தங்குமிடங்கள் நவம்பரிலேயே பூட்டிவிட்டு மார்ச் வாக்கில்தான் திறப்பார்கள். அலை அடிக்கிற அடியில் படகும் போகாது. இதை நான் சொன்னதும் அண்ணன் குழுவில் ஒரு அழுகை முகம் போட்டார்.

அடுத்து போர்ட்டிக்சன். பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தோட்டத்துல இருந்தப்ப லோரில ஏறிப் போனதே போதும்." மோரிப் பெயரை யாரோ எடுத்தார்கள். அங்கே கடல் வற்றினால் தண்ணீரைத் தேடிச் சேற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று பெரியப்பா ஞாபகப்படுத்தினார். கடைசியில் பினாங்கு ஜெயித்தது. கடலை வைத்து ஜெயிக்கவில்லை. "தங்கச்சி வீடு இருக்கு, ஹோட்டல் காசு மிச்சம்" என்ற ஒரே காரணம்தான். தங்கச்சி என்பது என் அம்மா. வீடு என்பது தஞ்சோங் பூங்காவில் எங்கள் மூன்று அறை அடுக்குமாடி.

வந்து இறங்கிய இரவே கூட்டம் போட்டார்கள். அண்ணன் மடிக்கணினியில் ஒரு அட்டவணை வைத்திருந்தார். இடது பக்கம் பினாங்குக் கடற்கரைகள், மேலே தகுதிகள். ஆளாளுக்கு ஒரு தகுதி சேர்க்கச் சேர்க்க அட்டவணை வலது பக்கமாக நீண்டுகொண்டே போனது. அண்ணனுக்குத் தண்ணீர் நீலமாக இருக்க வேண்டும். அண்ணிக்குச் சூரியன் கடலுக்குள் இறங்குகிற மாதிரி படம் வேண்டும். பிள்ளைகளுக்குக் குரங்கு. என் வீட்டுக்காரருக்குக் காடி நிறுத்த இடம். பெரியம்மாவோ எந்தப் பெயரைப் படித்தாலும் கேட்டது கழிப்பறையைப் பற்றித்தான்: "கடல் இருக்கட்டும்டி, தண்டாஸ் இருக்கா?"

பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மணி மாலை, நெற்றியில் சந்தனம். விரதம் முடியும்வரை வீட்டில் எல்லாருக்கும் அவர் சாமி. பெரியம்மாவும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் பழைய தொனி எங்கே போகும்? "சாமி, ஈர டவலைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது சாமி!" அட்டவணையில் அவருக்காக அண்ணன் சேர்த்தது இரண்டு: சைவச் சாப்பாடு, பக்கத்தில் கோயில். சாமிக்குக் காலில் செருப்பும் கிடையாது. அதை யாரும் அட்டவணையில் சேர்க்கவில்லை.

பினாங்குக் கடலைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை அன்றைக்கும் சொன்னேன். எங்கள் கடல் பார்க்க அழகு, இறங்கினால் சுமார். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. எதிர்க்கரையிலிருந்து ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம்தான் வரும். நீலம் வேண்டுமென்றால் வானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அண்ணன் 'நீலம்' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'ஓரளவு' என்று மாற்றினார்.

அண்ணியின் அஸ்தமனம்தான் பெரிய தகராறு. பத்து பெரிங்கியில் அஸ்தமனம் பிரமாதம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கரை வடக்குப் பார்த்தது. ஜூன் மாதம் சூரியன் வடமேற்கே சாயும்போது ஓரளவு கிடைக்கும். டிசம்பரில் தென்மேற்கே போய் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். கடலுக்குள் இறங்க வேண்டுமென்றால் மேற்குக் கரைக்குப் போக வேண்டும், கெராச்சுட் மாதிரி. அங்கே ஏழு மணிக்கு மேல் அஸ்தமனம் பார்த்தால், திரும்பி வரப் படகும் இருக்காது, காட்டு வழியில் வெளிச்சமும் இருக்காது. "படம் எடுத்துட்டு அங்கேயே படுத்துக்கலாம்" என்றார் அண்ணி. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அட்டவணையைப் பார்த்தார்.

மறுநாள் பத்து பெரிங்கி. விடுமுறையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து ஒரு சாலை, அதில் பாதி மலேசியா. இடம் தேடி நிறுத்திவிட்டு, இரண்டு ஹோட்டல்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாக மணலுக்கு வந்தபோது வெயில் உச்சியில் நின்றது.

சாமி முதலில் கம்பீரமாகத்தான் இறங்கினார். மேல்துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சில அடிகள். அப்புறம் நடையில் ஒரு வேகம். அப்புறம் வாயில் சரணம். முதல் சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் "சாமியே" ஒரு காலுக்கு, "சரணம்" மறு காலுக்கு என்று ஆகி, வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகத் தண்ணீரில் போய் நின்றார். பின்னால் பெரியம்மா குடையோடும் துண்டோடும் ஓடினார். "துண்டு போடறேன் சாமி, துண்டு மேல கால வைங்க சாமி!" துண்டு விழும்போது சாமி அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். ஒரு வெள்ளைக்கார தம்பதி இதை ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகக் கைகூப்பினார்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்ற சாமி, மேகம் வந்தால்தான் வெளியே வருவேன் என்றுவிட்டார். பாராசெய்லிங் நடத்துகிற மலாய்ப் பையன் ஒருவன், இவ்வளவு நேரம் நிற்கிறாரே, ஆசையாக இருக்கும்போல என்று நினைத்துப் பக்கத்தில் வந்து, "அங்கிள், மேலே போகிறீர்களா, விலை குறைத்துத் தருகிறேன்" என்று மலாயில் கேட்டான். சாமி எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மலைக்குப் போகத்தான் மாலை போட்டிருக்கேன், மேலே போக இல்லன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கத் துள்ளினார்கள். நான் பையிலிருந்து வினிகர் புட்டியை எடுத்து வெளியே வைத்தேன். "அது எதுக்குடி, அச்சார் போடவா?" என்றார் பெரியம்மா. எங்கள் கடலில் ஜெல்லி மீன் உண்டு, சில வகை கொட்டினால் உடனே வினிகர் ஊற்ற வேண்டும் என்றேன். அதோடு குளியல் முடிந்தது. சாமியைத் தவிர யாரும் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. பொதுக் கழிப்பறைக்கு முப்பது சென் கொடுத்துப் போய்வந்த பெரியம்மா, "தரை ஈரம்" என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் அட்டவணையில் கேள்விக்குறி போட்டார்.

அடுத்த நாள் குரங்கு வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மங்கி பீச் என்று பெயரே இருக்கிறதே! தெலுக் பஹாங் போய்ப் படகு எடுக்க வேண்டும். கிளம்பும் அவசரத்தில் யாரோ சமையலறை ஜன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மலை. நீண்ட வால் குரங்கு ஒன்று உள்ளே வந்து, பெரியம்மா செந்தூலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரிப்பன் முறுக்குப் பையை எடுத்துக்கொண்டு, குழாய் வழியாக இறங்கிப் போய்விட்டது. அம்மா துடைப்பத்தோடு நின்று தமிழிலும் மலாயிலும் திட்டினார். பிள்ளைகள் அப்போது வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். எதையும் பார்க்கவில்லை.

தெலுக் பஹாங் போகிற வழியில் சாலைக்கு மேலே ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கட்டியிருக்கும் பாலத்தைக் காட்டினேன். பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து 2019-இல் கட்டியது. லோத்தோங் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி போட்ட மாதிரி முகமுள்ள குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்கட்டும் என்று செய்தார்கள். அது வேறு சாதி, இலை தழை தின்னும், முறுக்குத் திருடாது. "எங்க வீட்டு வாசல்ல அந்த மாதிரி ஒண்ணு கட்டித் தரச் சொல்லுங்க, சாலையைக் கடக்கவே முடியல" என்றார் பெரியம்மா.

தேசியப் பூங்கா வாசலில் படகுக்காரரோடு அண்ணன் பேரம் பேசி, முதலில் கெராச்சுட், திரும்பும்போது மங்கி பீச் என்று முடிவானது. நடந்தும் போகலாம். ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டில் ஏறி இறங்க வேண்டும், செருப்பில்லாத சாமியை வைத்துக்கொண்டு அதை யாரும் பேசவே இல்லை. படகு முக்கா ஹெட் முனையைச் சுற்றும்போது மேலே 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் தெரியும். அண்ணன் அதைப் படம் எடுக்கப் போய் அலைத் தண்ணீரில் முழுசாக நனைந்தார். எங்கள் கூட்டத்தில் அந்த விடுமுறை முழுக்கக் கடலில் குளித்தது அவர் ஒருவர்தான்.

என்னைக் கேட்டால் பினாங்கில் கெராச்சுட்டுக்கு ஈடு கிடையாது. மணல் பெரிது, கூட்டம் குறைவு, பின்னால் காடு. குளிக்கத்தான் முடியாது, நீரோட்டம் பலம். கரைக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் நிறையும், வெயிலில் வற்றும். மேலே மலைத் தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். உலகத்திலேயே இந்த வகை ஏரி குறைவு. நான் இதைப் பெருமையோடு விளக்கி முடித்ததும் பெரியம்மா சொன்னார்: "இதுல என்னடி அதிசயம், நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்ல பதினாலு வருஷம் இப்படித்தான் இருந்தோம்."

பக்கத்திலேயே ஆமைப் பாதுகாப்பு மையம். முட்டைகளைப் புதைத்து வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும், சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரநிழலில் உள்ளங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாமி நிமிர்ந்தார். "அப்ப பத்து பெரிங்கியில பொறிக்கிறது பூரா பொண்ணுதான்."

திரும்பும் வழியில் மங்கி பீச். ஊஞ்சல் இருந்தது, இளநீர் இருந்தது, குரங்கு இல்லை. உச்சி வெயிலில் அது எதற்கு வெளியே வரப்போகிறது? சின்னவன் அழ ஆரம்பித்தான். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது உங்க அப்பாயி முறுக்கைத் தின்னுட்டு எங்க வீட்டுப் பின்னால தூங்குதுடா" என்றுவிட்டார். அழுகை இரட்டிப்பானது. காசு கொடுத்துப் படகில் வந்து குரங்கைத் தேடிய நேரத்தில், குரங்கு வீட்டுக்கே வந்து போயிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பெரியம்மாவுக்கு அங்கே இருந்த கழிப்பறையை நான் காட்டவே இல்லை. "இருக்கு, ஆனா உங்களுக்குப் பிடிக்காது" என்றேன். புரிந்துகொண்டு அமைதியாகப் படகில் ஏறிவிட்டார்.

கடைசி நாள் சாயங்காலம் யாருக்கும் அட்டவணையைத் திறக்கத் தெம்பில்லை. சாமி கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். தீபாராதனை பார்த்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் அவருக்கு இட்லி வாங்கிக்கொண்டு, சும்மா பாடாங் கோத்தாவுக்கு நடந்தோம். அங்கே மணலே கிடையாது. கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் காற்றும், பசெம்போர் என்ற காய்கறிக் கலவை விற்கும் கடைகளும். அங்கேதான் எல்லாரும் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் திடலில் ஓடினார்கள். அண்ணி அஸ்தமனத்தை மறந்துவிட்டுப் பசெம்போரைப் படம் எடுத்தார். பெரியம்மா எங்கேயோ போய்விட்டு முகம் மலரத் திரும்பி வந்தார். "தரை காய்ஞ்சிருக்குடி!"

அண்ணன் கைப்பேசியில் அட்டவணையை எடுத்து, அடியில் பாடாங் கோத்தா என்று ஒரு வரி சேர்த்தார். நிழல், சாப்பாடு, கோயில், தண்டாஸ் எல்லாவற்றிலும் சரிக்குறி விழுந்தது.

சாமி மட்டும் சமாதானம் ஆகவில்லை. இட்லிப் பொட்டலத்தை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் வந்தார். "மாப்பிள்ளை, தை மாசம் மாலையைக் கழட்டினதும் ஜப்பான் செருப்பு போட்டுக்கிட்டு வர்றேன். அந்த பத்து பெரிங்கிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு. காடி எங்க நிறுத்தறதுன்னு மட்டும் நீங்க பாத்து வைங்க."