11.45 மணிச் சேட்டை

பால்வாடியோ பிளே ஸ்கூலோ, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த மையத்தில் கேட்டாலும் டீச்சர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "இந்தப் பய மட்டும் அடங்க மாட்டேங்கிறான்." அந்தப் பயலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். தள்ளுவதும் கிள்ளுவதும் கடிப்பதும் நாள் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. சோற்றுக்கு முந்தைய கால் மணி நேரத்தில் குவியும். வீட்டு ஆள் வந்து வாசலில் நிற்கும் நேரத்தில் இன்னொரு முறை குவியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு 40 பக்க நோட்டு போதும். ஐந்து நாள், நாலு கட்டம்: மணி, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, செய்ததும் என்ன கிடைத்தது. 'அடம்', 'திமிர்', 'வம்பு' என்று எழுதக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: "11.45. கை கழுவ வரிசை. முன்னால் நின்றவளைத் தள்ளினான். டீச்சர் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார்." கடைசிக் கட்டத்தை இன்னொரு தரம் படியுங்கள். தள்ளினான், குழாய் கிடைத்தது. அவன் கணக்கில் தப்பே இல்லை, நாளைக்கும் தள்ளுவான். டீச்சர் அவனைக் கண்டித்ததாக நினைக்கிறார். அவனுக்கு அது முன்வரிசைச் சீட்டு.

அந்த வரிசையையே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 20 பிள்ளைகள், ஒரு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 10 நிமிடம். மூன்று வயதுப் பிள்ளை கையில் ஒன்றும் இல்லாமல் இரண்டு நிமிடம் நின்றால் அதுவே பெரிது. பசி வேறு, சாம்பார் வாசனை வேறு. பிறகு தள்ளாமல் என்ன செய்யும்? வரிசையே போடாதீர்கள். டீச்சர் பாயில் உட்கார்ந்து பாட்டு நடத்தட்டும். உதவியாளர் நாலு நாலு பேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். குழாய் ஒன்றுதான் என்றால் பக்கத்தில் வாளியும் மக்கும் வைத்தால் நேரம் பாதியாகும். அடிக்கடி தள்ளுகிற பிள்ளையை முதல் நாலு பேரில் கூப்பிட்டுவிடுங்கள், தள்ளுவதற்கு முன்பே. இதில் தவறுகிற இடம் ஒன்று உண்டு: கை கழுவிய பிறகும் தட்டில் சோறு விழாவிட்டால், கழுவிய கை தரையைத் தடவும், பக்கத்துத் தட்டைத் தட்டும், சண்டை இடம் மாறிப் பாய்க்கு வரும். பரிமாறத் தயாரான பிறகுதான் முதல் பெயரைக் கூப்பிட வேண்டும். முட்டை நாளில் இது இன்னும் முக்கியம்; யாருக்கு முதலில் வருகிறது என்பதில்தான் எல்லோர் கண்ணும்.

அடுத்தது இடம். பழைய செட்டிநாட்டு வீட்டு வளவில் மையம் நடத்துகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். முற்றத்தைச் சுற்றி நீளமான பத்தி (தாழ்வாரம்), வழவழவென்று ஆத்தங்குடிக் கல், வரிசையாகத் தூண்கள். அந்த நீளத்தைப் பார்த்ததும் மூன்று வயதுக் கால் ஓடத்தான் செய்யும். "ஓடாதே, ஓடாதே" என்று கத்தினால் உயரமான கூரையில் அது எதிரொலித்துக் கலைகிறது, யாரைச் சொன்னீர்கள் என்று ஒரு பிள்ளைக்கும் புரியாது. பத்தியின் குறுக்கே இரண்டு இடத்தில் தாழ்வான அலமாரியைப் போட்டு நீளத்தை உடையுங்கள். ஓட வேண்டிய பிள்ளைகளை 10.30 வாக்கில் வாசலுக்குக் கூட்டிப் போய்க் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். மழை நாளில் முற்றத்தை ஒட்டிய கல் வழுக்கும். அந்தப் பக்கம் கோரைப்பாய் போட்டால் அதுவும் சேர்ந்து சறுக்கும், சாக்கு தேவலை.

விளையாட்டுச் சாமானை ஒரே கூடையில் கொட்டி வைப்பது சண்டைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. நம் ஊர்ப் பனையோலைக் கொட்டான் எதற்கு இருக்கிறது? ஒரு கொட்டானுக்கு ஒரு வகை: கட்டை ஒன்றில், சொப்பு ஒன்றில், துணிப் பந்து ஒன்றில். இரண்டு, இரண்டரை வயதில் ஒரே மாதிரிச் சாமான் இரண்டு மூன்றாவது வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் பகிர்ந்துகொள்வது என்பது பறிகொடுப்பதுதான். ஆளுக்கு ஒரு சின்னப் பாய் கொடுத்து, அந்தப் பாய்க்குள் இருப்பது அவனுடையது என்பது மாண்டிசோரி முறையில் வரும் பழக்கம். அந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தவர். வள்ளல் அழகப்ப செட்டியார் காரைக்குடியில் எழுப்பிய கல்விக்கூடங்களில் ஒரு மாண்டிசோரி பள்ளியும் உண்டு, ஆகவே இந்த ஊருக்கு இது புதுசல்ல. பல்லாங்குழிப் புளியங்கொட்டையை மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். குன்றிமணி விஷம், அது மையத்துக்குள்ளேயே வரக் கூடாது.

இனி வாய்ச்சொல். "ஓடாதே" என்றால் என்ன செய்யக் கூடாது என்று மட்டும் தெரிகிறது. "நடந்து வா ராசா" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. பக்கத்தில் போய்க் குனிந்து, முதலில் பெயர், பிறகு ஒரே ஒரு வேலை. சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கேட்டதைச் செயலாக்க அவ்வளவு நேரம் வேண்டும். மூன்றாவது நொடியில் மறுபடி சொன்னால் பாதியில் அறுந்துபோகும். பத்து எண்ணியும் அசையவில்லை என்றால் கத்தாமல் கையைப் பிடித்துக் கூடவே செய்யுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதும் வீண், அஞ்சு நிமிடம் எவ்வளவு என்று அதற்கு யார் சொன்னது? "இன்னும் ரெண்டு தடவ சறுக்கிட்டு வா" என்றால் விரலை மடக்கிக்கொண்டு வரும்.

கடிக்கு வருவோம். அதிகம் பயப்பட வைப்பதும் அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை கடிப்பது சகஜம்: பின் கடைவாய்ப்பல் முளைக்கிறது, வாயில் சொல் இன்னும் வரவில்லை, இடமோ நெரிசல். முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள்; தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கடித்த பிள்ளையிடம் ஒரு வரி போதும்: "கடிச்சா வலிக்கும். கடிக்க விட மாட்டேன்." பத்து நிமிடப் பிரசங்கம் செய்தால், கடித்தால் டீச்சர் நம்மோடே இருப்பார் என்று பாடமாகிவிடும். பிறகு சொல்லைக் கற்றுக்கொடுங்கள்: "எனக்கு", "குடு", "தள்ளிப் போ". பல் அரிப்பு என்றால் சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். நோட்டில் எந்த நேரம் விழுந்திருக்கிறதோ அந்த நேரத்தில் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தால் முக்கால்வாசிக் கடி நடக்கும் முன்பே நின்றுவிடும். "திருப்பி ஒரு கடி கடிச்சு விடு, அப்பத்தான் தெரியும்" என்று அப்பத்தாக்கள் சொல்வார்கள். தெரியும்தான், பெரியவர்களும் கடிக்கலாம் என்று. இரண்டு வீட்டுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், கடித்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல். (நம் ஊரில் அந்தப் பெயர் உங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருக்கும். இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.)

"சாரி சொல்லு" என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள். இரண்டு வயதில் அது மன்னிப்பு ஆகாது, திரும்பவும் விளையாடப் போவதற்கான டோக்கன். ஈரத்துணியை அவன் கையில் கொடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தரையில் புரண்டு அழும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் காது கேட்காது. தலை தூணில் இடிக்காமல் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் இருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே தணியும். பிஸ்கட்டுக்காக அழுது மூன்றாவது நிமிடத்தில் பிஸ்கட் கிடைத்தால், மூன்று நிமிடம் அழ வேண்டும் என்று அளவு தெரிந்துகொள்ளும். ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுப்பது அதைவிட மோசம். என்றைக்கு விழும் என்று தெரியாததால் தினமும் முயலும்.

பூச்சாண்டி, போலீஸ், "நர்ஸம்மாகிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்றேன்". முதல் இரண்டும் பொய். மூன்றாவது பொய்யாகவும் இல்லை: அதே நர்ஸம்மா தடுப்பூசி நாளில் அதே மையத்துக்கு வந்து உட்காருவார். அன்று 15 பிள்ளைகள் ஒன்றாக அலறுவதற்கு விதை போன மாதமே போட்டாயிற்று. அடி, கிள்ளு பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையைத் தடுப்பது 6 வயது முதல்தானே என்று வாதாடுகிறவர்கள், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவையும் படிக்கட்டும். பொறுப்பில் உள்ள பிள்ளையை அடித்துக் கொடுமைப்படுத்துவது அதன்படி குற்றம்.

புதிதாகச் சேரும் பிள்ளையின் அழுகை வேறு ரகம். அப்பா அம்மா வெளியூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. சில வீடுகளில் அம்மாவின் அம்மாவுக்கு ஆயா என்றுதான் பெயர். மையத்தில் "அழாதே, ஆயாகிட்டப் போ" என்றால் அது நிமிர்ந்து வாசலைப் பார்க்கும், வருவது உதவியாளர். அழுகை இரட்டிப்பாகும். உதவியாளரைப் பெயரோடு சேர்த்து அத்தை, சித்தி என்று கூப்பிடப் பழக்குங்கள். முதல் நாள் வீட்டு ஆளோடு ஒரு மணி நேரம், மறுநாள் அவர் திண்ணையில், அதன் பிறகு சாப்பாடு வரை என்று ஒரு வாரம் போகட்டும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். அதற்குப் பிறகு வாசலிலிருந்து கண் எடுக்காது. "சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். திருவிழா விடுமுறை முடிந்து வரும் நாளில் பழைய அழுகை ஓரிரு நாள் எட்டிப் பார்க்கும், பதற வேண்டாம்.

இவ்வளவும் செய்து ஆறு, எட்டு வாரம் போயும் கடி குறையவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் சேட்டை என்ற பெயரை விட்டுவிட வேண்டும். காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். அவர்களிடம் காட்டினால் வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கும் மாவட்ட அளவிலான ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது அந்த 40 பக்க நோட்டை வீட்டாரிடம் கொடுத்தனுப்புங்கள், மற்றப் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு. "ரொம்பச் சேட்டை டாக்டர்" என்பதைவிட அதில் இருக்கும் 11.45 அவருக்கு உதவும்.