ரோதமுனிக்கு ஒரு சூடம்

1998இல் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து உயர்தரம் வரை படித்தவன் நான். தோட்டத்தில் குவாட்டர்ஸ் தந்தார்கள். லயத்துக்கும் அதற்கும் நடுவே நானூறு அடி தூரம்கூட இல்லை.

மாலையில் மாடியில் பரப்பிய கொழுந்து 12, 14 மணி நேரம் வாடி, விடியுமுன் கீழே, இலையை உருட்டி நசுக்கும் ரோலர் இயந்திரத்துக்கு இறங்கும். அதை ஓட்டும் முதியவர், முதலில் மூலையிலிருந்த குங்குமக் கல்லுக்குச் சூடம் ஏற்றுவார். அது ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். இயந்திரத்தையும் அதில் வேலை செய்பவர்களையும் காக்கும் சாமி.

என் அப்பா வயது அவருக்கு. நான் பெயர் சொல்லி, ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ஐயா என்பார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. பெயர்ப்பலகைகள் மாறின, இந்த ‘நீ’ மாறவில்லை.

ஒருநாள் பொறுமையிழந்து, “சூடத்தை அணைத்துவிட்டு சுவிட்சைப் போடு, கொழுந்து கிடக்கிறது” என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துச் சுடரை அணைத்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

சில வாரங்களில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று சுவிட்சைப் போடப் போனது நான். விரல் அதில் படிந்தும் அழுத்த வரவில்லை. இயந்திரத்துக்குப் பயந்தேன் என்று சொல்ல முடியாது. வேறு தோட்டத்தில் ரோலர் ஓட்டிய என் அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்காக வெள்ளிக்கிழமைதோறும் முனிக்குத் தேங்காய் உடைத்த அம்மாவும் வந்தார். பள்ளி விடுதியில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று அவ்வளவு வெட்கம். அந்த வெட்கத்தைத்தான் இத்தனை நாளும் பகுத்தறிவு என்று நம்பியிருந்தேன். முனி காக்கிறாரா என்ற கேள்வியில் என் பதில் இன்றும் மாறவில்லை. ஆனால் அந்த முதியவரிடம் நான் கேட்டது அந்தக் கேள்வியே அல்ல. என் பிறப்பை அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சூட டப்பாவைத் தேடி எடுத்து ஏற்றினேன்.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், “பெரியப்பா, சூடம் ஏற்றிவிட்டு வாருங்கள், கொழுந்து இருக்கட்டும்” என்றேன். அவர் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.