கே.எல். ராவும் கங்கை–காவிரிக் கணக்கும்

ஜூலை 14, 2024

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் திறக்கவில்லை. இந்த மாதிரி வருடங்களில் கங்கை–காவிரி இணைப்பு பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். ஆனால் அதை அளவுகளோடு முன்வைத்த பொறியாளர் கானூரி லட்சுமண ராவின் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

ஜூலை 15

இன்று அவர் பிறந்தநாள். 1902, கிருஷ்ணா மாவட்டம் கங்கிபாடு. படித்தது கிண்டி பொறியியல் கல்லூரியில். ரங்கூனில் பேராசிரியர், பர்மிங்காமில் முனைவர் பட்டம், அப்புறம் நாடு திரும்பி அணை வடிவமைப்பு. 1950 முதல் மத்திய நீர், மின் ஆணையத்தில். அறுபதை நெருங்கும் வயதில், 1962இல், விஜயவாடாவில் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தார். 67, 71 தேர்தல்களிலும் அதே தொகுதி. 1963இல் நேரு அவரை நீர்ப்பாசன, மின்துறை அமைச்சராக்கினார். சாஸ்திரி, இந்திரா காலத்திலும் அதே துறை, 1973 வரை. ஒரே துறையில் பத்து ஆண்டுகள்! அந்தத் துறை வேலையை அடிமட்டத்தில் செய்து வந்தவர் என்பதுதான் முக்கியம்.

ஜூலை 17

கிருஷ்ணா நதியின் நாகார்ஜுன சாகர் அணை பற்றிப் படித்தேன். 1955 டிசம்பரில் நேரு அடிக்கல் நாட்டினார். 124 மீட்டர் உயரம், கான்கிரீட் இல்லை, கல் கட்டுமானம். சிமென்ட் தட்டுப்பாடான காலம், வேலை தேடிய கைகளோ ஏராளம். அந்த இரண்டையும் சேர்த்து யோசித்த முடிவு அது. ராவ் பொறியாளராக ஈடுபட்ட அணை. 1967 ஆகஸ்டில் இந்திரா காந்தி அதன் கால்வாய்களில் தண்ணீர் திறந்தபோது அவரே துறை அமைச்சர். இந்தப் பேறு எத்தனை பொறியாளர்களுக்கு வாய்க்கும்? நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கின் பௌத்தச் சின்னங்களும் ஊர்களும் நீருக்குள் போனதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 20

இன்று முழுக்க ராவின் 1972ஆம் ஆண்டு கங்கை–காவிரித் திட்டத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாட்னா அருகே கங்கையிலிருந்து விநாடிக்கு 60,000 கனஅடி, வருடத்தில் 150 நாள். அதில் 10,000 கங்கைப் படுகைக்கே. 50,000 கனஅடியை மேட்டுக்கு ஏற்றித் தெற்கே அனுப்ப வேண்டும். கால்வாய் நீளம் 2,640 கிலோமீட்டர். கூடுதலாக 40 லட்சம் ஹெக்டேர் பாசனம்.

சரி, ஏற்றுவதற்கு எவ்வளவு மின்சாரம்? 50,000 கனஅடி என்பது விநாடிக்குச் சுமார் 1,416 கன மீட்டர். உயரத்தை 450 மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 6,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது, அதுவும் பம்புகளில் ஆகும் இழப்பைச் சேர்க்காமல். 1974இல் இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறனே சுமார் 16,700 மெகாவாட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கால்வாய்க்கு! செலவைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார் என்றும், கங்கை வெள்ளத்துக்கு இதனால் தீர்வில்லை என்றும் மத்திய நீர் ஆணையம் சொல்லிவிட்டது. அவர் வேலை பார்த்து வளர்ந்த இடமே மறுத்தது.

இதில் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. எத்தனை கனஅடி, எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் எண்ணாகச் சொன்னார். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்து நானும் வீட்டில் உட்கார்ந்து அதைச் சரிபார்க்க முடிகிறது. மேடையில் நதிகளை இணைப்பவர்கள் உயரத்தைச் சொல்வதே இல்லை.

ஜூலை 21

ராவ் 1986இல் காலமானார். கிருஷ்ணாவில் புலிச்சிந்தல அணைக்கு இப்போது அவர் பெயர். 1982இல் அமைந்த தேசிய நீர் மேம்பாட்டு முகமை, தெற்குக்கான இணைப்பைக் கங்கைக்குப் பதில் மகாநதி, கோதாவரியிலிருந்து யோசித்தது. இப்போது பேசப்படும் கோதாவரி–காவிரித் திட்டத்தில் கோதாவரியில் இச்சம்பள்ளி என்ற இடத்தில் எடுக்கும் நீர் நாகார்ஜுன சாகர், சோமசீலா அணைகள் வழியாகக் கல்லணைக்கு வர வேண்டும். அந்தத் தடத்தில் எங்கே எவ்வளவு ஏற்றம் என்பதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.