தொடங்கிய நேரம், நிறுத்தும் தேதி: தொற்றுநோய் வார்டின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பிளட் கல்ச்சரிலிருந்தே (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) தொடங்கலாம். காய்ச்சலும் நடுக்கமுமாக வருபவருக்கு ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறிய பிறகு கல்ச்சர் எடுத்தால், பல நேரம் 'வளர்ச்சி இல்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். அதன் நஷ்டம் அன்று தெரியாது, நான்காம் நாள் தெரியும். எந்தக் கிருமி என்று தெரியாததால் மெரோபெனம் போன்ற வலிய ஆன்டிபயாடிக்கைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் கை வராது.

பெரியவர்களுக்கு இரண்டு செட், இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒரு செட்டில் ஏரோபிக் (காற்றோடு வளரும் கிருமிக்கு), அனேரோபிக் (காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு) என இரண்டு பாட்டில்கள். பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. பலர் 3 மி.லி. விட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமிகூட இல்லாத நிலை சாதாரணம். அளவு குறைந்தால் கிருமி சிக்காது, அவ்வளவுதான். பாட்டிலில் ஏற்கெனவே இருக்கும் திரவ மட்டத்துக்கு மேலே 10 மி.லி. கோட்டைப் பேனாவால் முன்கூட்டியே போட்டுக்கொண்டால் தவறாது.

மூடியைக் கழற்றியதும் தெரியும் ரப்பர் சுத்தமானது என்று நினைப்பது பொதுவான பிழை. அதை 70% ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். தோலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் 30 விநாடி தேய்த்து, முழுக்க உலர்ந்த பிறகு குத்த வேண்டும். உலர்வதற்குள் குத்துவதும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவி நரம்பு தேடுவதும்தான் தோல் கிருமி பாட்டிலுக்குள் போகும் வழி. பட்டர்ஃபிளை ஊசியென்றால் ஏரோபிக் பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயிலுள்ள காற்று அதில் போய்விடும். சிரிஞ்சு என்றால் அனேரோபிக் முதலில். லேபுக்கு அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

செப்டிக் ஷாக்கில் (தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்த நிலை) கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. 45 நிமிடத்துக்குள் எடுக்க முடியவில்லை என்றால் மருந்து முதலில்.

மார்ச் 4, செவ்வாய்

பாட்டில் 'பாசிட்டிவ்' என்று லேபிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை பாட்டிலில், எத்தனை மணி நேரத்தில்? கொத்துக் கொத்தாகக் கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயம் பிடிக்கும்) உருண்டைக் கிருமிகள் என்றால் இரண்டு பாதை. நான்கில் ஒரே பாட்டிலில் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபைலோகாக்கஸ் வந்தால் அநேகமாகத் தோலிலிருந்து வந்தது. அதுவே இரண்டு செட்டிலும் வந்து, நோயாளிக்கு சென்ட்ரல் லைனும் (பெரிய இரத்தக் குழாயில் வைத்த குழாய்) இருந்தால் கதை வேறு.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தாலும் அதைக் கலப்படம் என்று ஒதுக்கவே கூடாது. அன்றே செய்ய வேண்டியவை: லைன் இருந்தால் எடுப்பது, எக்கோ (இதய ஸ்கேன்) கேட்பது, 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுகல்ச்சர் எடுத்து நெகட்டிவ் ஆகும்வரை தொடர்வது. முதுகுவலி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம். இருந்தால் முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ.

மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகை என்று தெரிந்த பிறகும் 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வான்கோமைசினையே தொடர்வது நோயாளிக்குச் செய்யும் கெடுதல். செஃபசோலின் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஃப்ளூக்ளாக்சசிலின் போன்ற ஒன்று இதைவிட நன்றாக வேலை செய்யும். நாள் கணக்கு மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல, முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த நாளிலிருந்து. சிக்கலில்லாத வகைக்குக் குறைந்தது 14 நாள், மற்றவற்றுக்கு 4 முதல் 6 வாரம்.

மார்ச் 5, புதன்

சிறுநீர். கலங்கல், நாற்றம், சீழ் அணுக்கள் மூன்றும் சேர்ந்தாலும் நோய்க்குறி இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை. முக்கிய விலக்குகள் இரண்டு: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையின் உட்படலம் காயப்படும் அறுவைக்குப் போகிறவர்கள். நாள்பட்ட கதீட்டர் உள்ளவரின் சிறுநீரில் கிருமி வளராவிட்டால்தான் ஆச்சரியம். கல்ச்சர் அவசியமென்றால் பழைய கதீட்டரை மாற்றி, புதியதிலிருந்து எடுக்க வேண்டும். பையிலிருந்து ஒருபோதும் கூடாது.

மார்ச் 6, வியாழன்

கிராம் நெகட்டிவ் (கிராம் சாயம் பிடிக்காத) கிருமிகளின் நாள். சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டில் 'எஸ்' (மருந்துக்குக் கட்டுப்படும்) என்று இருந்தாலே அந்த மருந்தைக் கொடுத்துவிடலாம் என்பது இனி செல்லாது. ஈ.எஸ்.பி.எல். (பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் என்சைம்) சுரக்கும் கிருமி இரத்தத்தில் இருந்தபோது பிப்பராசிலின்-டாசோபாக்டமையும் மெரோபெனத்தையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வில் (2018) 30 நாள் இறப்பு முறையே 12.3%, 3.7%. அதில் கிருமிகள் செஃப்ட்ரையாக்சோனுக்குக் கட்டுப்படாதவை, ஆனால் பிப்பராசிலின்-டாசோபாக்டமுக்கு 'எஸ்' காட்டியவை.

கார்பபெனமுக்கும் (மெரோபெனத்தின் குடும்பம்) கட்டுப்படாதபோது லேபிடம் கேட்க வேண்டியது மருந்துப் பட்டியல் அல்ல, அதைச் சிதைக்கும் என்சைமின் பெயர். கே.பி.சி. அல்லது ஆக்சா-48 என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பயன்படும். என்.டி.எம். என்றால் தனியாக அது பயனற்றது, ஏனென்றால் என்.டி.எம். துத்தநாகத்தைக் கொண்டு வேலை செய்யும் என்சைம். அவிபாக்டம் அதைத் தொடாது. என்.டி.எம். சிதைக்காத ஒரே பீட்டா-லாக்டம் (பென்சிலினும் அதன் உறவுகளும்) குடும்பம் அஸ்ட்ரியோனத்துடையது. ஆனால் அதே கிருமியில் கூடவே இருக்கும் ஈ.எஸ்.பி.எல். அஸ்ட்ரியோனத்தைத் தின்றுவிடும். அந்த ஈ.எஸ்.பி.எல்.-ஐ அவிபாக்டம் தடுக்கும். ஆக இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்: செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம், அஸ்ட்ரியோனம் 2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 3 மணி நேரம் ஓடும்படி, முடிந்தவரை ஒரே சமயத்தில். இந்த 'ஒரே சமயம்' வார்டில் எளிதில் நழுவும். காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு மற்றொன்று என்று போனால் இடையில் இரண்டுமே தனியாள். அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் ஒரே மருந்தாக ஐரோப்பாவில் 2024-இல் அனுமதி பெற்றது, சென்ற மாதம் அமெரிக்காவிலும்.

கொலிஸ்டின் (கடைசி நிலை ஆன்டிபயாடிக்) பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: அலகு. 10 லட்சம் யூனிட் என்பது கொலிஸ்டின் பேஸ் கணக்கில் சுமார் 33 மி.கி., கொலிஸ்டிமெதேட் (ஊசி மருந்தாக வரும் வடிவம்) கணக்கில் சுமார் 80 மி.கி. 'மி.கி.' என்று மட்டும் எழுதிய ஆர்டர் இரண்டரை மடங்கு வரை தப்பாகலாம். யூனிட்டிலேயே எழுதுவது நல்லது.

மார்ச் 8, சனி

டோஸ். செப்சிஸோடு வருபவரின் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) முதல் நாள் ஏறியிருந்தால் உடனே பீட்டா-லாக்டமைப் பாதியாக்கும் வழக்கம் இருக்கிறது. திரவம் ஏற்றியதும் அந்தக் கிரியாட்டினின் பலருக்கு 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குள் மருந்து போதாமல் போன இரண்டு நாள் திரும்ப வராது. முதல் டோஸ் எப்போதும் முழு டோஸ். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது: சிறுநீரகம் குறைந்தவருக்கு செஃபெபிம் தேங்கினால் குழப்பம், தசைத் துடிப்பு, வலிப்பு வரும். அதை 'செப்சிஸ் குழப்பம்' என்று எழுதி அதே மருந்தைத் தொடர்ந்தால் முடிந்தது.

வான்கோமைசின்: லோடிங் டோஸ் உண்மை எடைக்கு 20 முதல் 35 மி.கி./கிலோ, மணிக்கு 1 கிராமுக்கு மேல் ஓடக் கூடாது. வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அது அலர்ஜி அல்ல, வேகத்தின் விளைவு. கேஸ் ஷீட்டில் அலர்ஜி என்று எழுதிவைத்தால் நோயாளி ஒரு மருந்தை வீணாக இழப்பார். கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) தொற்றுக்கு 2020 வழிகாட்டுதலுக்குப் பிறகு இலக்கு ஏ.யு.சி. (நாள் முழுதும் இரத்தத்தில் இருக்கும் மொத்த மருந்தளவு) 400 முதல் 600. டிரஃப் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் இரத்தத்தில் உள்ள அளவு) 15-20 என்று துரத்துவது சிறுநீரகத்தைக் கெடுத்தது.

வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் தொடங்கினால் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட் அளவு சரியும். டோஸைக் கூட்டினாலும் ஏறாது. வேறு வலிப்பு மருந்து சேர்க்க வேண்டும், அல்லது வேறு ஆன்டிபயாடிக்.

மார்ச் 10, திங்கள்

'பென்சிலின் அலர்ஜி.' இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் செஃபசோலினுக்குப் பதில் வான்கோமைசின், அமாக்சிசிலினுக்குப் பதில் லீவோஃப்ளாக்சசின் என்று போகிறது. அப்படி எழுதப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. கேட்க வேண்டியவை: என்ன ஆனது, எத்தனை வருடத்துக்கு முன்பு, சிகிச்சை தேவைப்பட்டதா, அதன் பிறகு அமாக்சிசிலின் சாப்பிட்டதுண்டா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம், ஒன்றும் ஆகவில்லை' என்று பதில் வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. வாந்தியும் பேதியும் அலர்ஜி ஆகாது.

பென்-ஃபாஸ்ட் கணக்கு (பென்சிலின் அலர்ஜியை மதிப்பிடும் மதிப்பெண்): 5 வருடத்துக்குள் என்றால் 2, அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான அலர்ஜி), ஆஞ்சியோஎடிமா (முகம், உதடு வீக்கம்) அல்லது கடுமையான தோல் எதிர்விளைவு என்றால் 2, சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. மூன்றுக்குக் கீழே என்றால், தோல் சோதனை இல்லாமலே அமாக்சிசிலின் 250 அல்லது 500 மி.கி. வாய்வழி கொடுத்து ஒரு மணி நேரம் கவனிக்கலாம். தோல் உரிந்தது, உள்ளுறுப்பு பாதித்தது என்ற வரலாறு இருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது. சோதனை தேறிய பிறகு பழைய குறிப்பை எல்லா இடத்திலும் அழிக்க வேண்டும். ஒரு இடத்தில் விட்டால் அடுத்த அட்மிஷனில் அது திரும்ப முளைக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

நிமோனியாவுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதும் முன் ஒரு நிமிடம்: வாரக்கணக்கில் இருமல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா? காசநோய்க் கிருமியும் அதற்குக் கொஞ்சம் அடங்கும். நோயாளி தேறியதுபோலத் தெரிவார், கண்டறிதல் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். சளியை முதலில் அனுப்புங்கள்.

மார்ச் 13, வியாழன்

பேதி உண்டாக்கும் குடல் கிருமியான கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலின் ஸ்போரை (கிருமியின் உறைவித்து) ஆல்கஹால் ஹேண்ட்ரப் கொல்லாது. கையுறை, பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும். 24 மணி நேரத்தில் மூன்று முறையாவது புதிதாகப் பேதி போனவருக்கு மட்டும் சோதனை. மலமிளக்கி போகிறதா என்று முதலில் சார்ட்டைப் பார்க்கவும். சிகிச்சைக்கு வான்கோமைசின் வாய்வழி, 125 மி.கி. நான்கு வேளை, 10 நாள், அல்லது ஃபிடாக்சோமைசின். நரம்பு வழி வான்கோமைசின் குடலுக்குள் போய்ச் சேராது. குணமானதா என்று மறுசோதனை செய்யாதீர்கள். தேறியவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரும்.

கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை வேறு மாதிரித் தொல்லை. அதற்கு ஆல்கஹால் ஹேண்ட்ரப் போதும், ஆனால் தரை, கட்டில் துடைக்கும் குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினி மட்டும் போதாது.

மார்ச் 14, வெள்ளி

நிறுத்துவது. தொடங்கும் ஆர்டரை எழுத ஒருவர் இருக்கிறார், நிறுத்தும் ஆர்டருக்கு யாரும் பொறுப்பில்லை. வெளியில் தொற்றிய நிமோனியா, 48 முதல் 72 மணி நேரம் காய்ச்சலின்றி நிலையாக இருந்தால் 5 நாள் போதும். இரத்தத்தில் பாக்டீரியா இருந்தவர்களில் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்ட பேலன்ஸ் ஆய்வு (2024), 3,600-க்கும் மேற்பட்டவர்களிடம் 7 நாள் குறைந்ததல்ல என்று காட்டியது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸும் கடும் எதிர்ப்புசக்திக் குறைவும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மார்ச் 4 கணக்கு அப்படியே நிற்கிறது.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும்போது சிப்ரோஃப்ளாக்சசினை இரும்பு, கால்சியம் மாத்திரையோடு கொடுத்தால் அது குடலிலேயே கட்டுண்டு போகும். சிப்ரோஃப்ளாக்சசினை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ வைக்க வேண்டும். லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து ஆர்டர் தாளில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் நான்கு கட்டம்: எதற்காக, எந்தக் கல்ச்சர் எடுத்தாயிற்று, இன்று எத்தனையாம் நாள், மறுபார்வை எந்தத் தேதி. நான்காம் கட்டம் காலியாக இருந்தால் மருந்தகம் 72 மணி நேரத்துக்கு மட்டும் கொடுக்கும். அதன் பிறகு போன் வரும், மருந்து தானாக நின்றுவிடாது.