வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பியர்: சூட்டோடு ஒரு மல்லுக்கட்டு

சிங்கப்பூரில் வீட்டிலேயே பியர் காய்ச்சலாம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, விற்கக்கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கக்கூடாது. சட்டம் இடம் கொடுக்கிறது, வெயில்தான் கொடுப்பதில்லை. பகலில் வீட்டுக்குள் 30 டிகிரி, இரவில் 28. நொதிக்கவைக்க நான் போடும் யுஎஸ்-05 என்ற வகை ஈஸ்டை 20 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால்தான் சுவை சுத்தமாக வருகிறது. சூடு ஏற ஏறப் பழ வாசனை தூக்கலாகும். இன்னும் ஏறினால் பெயிண்ட் தின்னர் நெடிதான்.

இன்னொரு குளிர்சாதனப் பெட்டி வாங்கி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டினால் வேலை முடிந்தது என்பார்கள். மூவறை வீட்டில் அதை எங்கே வைப்பது? பியர் நொதிக்கும் கலனைச் சுற்றி ஈரத் துணியைப் போர்த்தி மின்விசிறியை ஓடவிட்டும் பார்த்தேன். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். ஆனால் இங்கே காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். துணி காய்ந்தால்தானே குளிரும்? ஓரிரு டிகிரி இறங்கியதோடு சரி.

பிறகுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறக்குறைய 600 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். என் 10 லிட்டர் வோர்ட்டில், அதாவது நொதிக்குமுன் உள்ள இனிப்பு மால்ட் சாற்றில், ஈஸ்ட் தின்பது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 500 கிலோஜூலைத் தாண்டாது. ஒன்றரை லிட்டர் பாட்டிலில் உறைந்த பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! அப்படியென்றால் ஈஸ்டின் சூடு பெரிய விஷயமே இல்லை. சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் நாள் முழுக்க உள்ளே கசியும் அறையின் சூடுதான் எதிரி. பனிக்கட்டியை அடுக்குவதைவிட அந்தக் கசிவை அடைப்பதே வழி.

தடித்த நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த பெரிய பையொன்றை வாங்கி, கலனை அதற்குள் இறக்கி, உறைந்த பாட்டில்களைச் சுற்றிலும் நிறுத்தினேன். பை இருப்பது பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையில். கனத்த கான்கிரீட் சுவர் என்பதால் அந்த அறை குளிராது, ஆனால் வெப்பம் ஏறி இறங்குவதும் குறைவு. வெப்பமானியின் முனையைக் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் மடித்த ஸ்பாஞ்சை வைத்து இறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அது பையின் காற்றைத்தான் அளக்கும். காற்று 17 காட்டும்போது உள்ளே பியர் 22இல் நுரைத்துக்கொண்டிருக்கும். காலையில் ஒரு பாட்டில், மாலையில் ஒன்று என மாற்றினால் 19க்கும் 21க்கும் இடையில் நிற்கிறது. முதல் மூன்று நாள்தான் இந்தக் கவனம். வாசனை பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடும். நுரை அடங்கியபின் 23 வரை தானாக ஏற விட்டுவிடுகிறேன். மிச்ச வேலையை ஈஸ்ட் முடித்துக்கொள்ள அது உதவும்.

“ஏம்பா, மீன் வைக்க இடமில்லை, வெறும் தண்ணீரை எதற்கு உறையவைக்கிறாய்?” என்று அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. மேல்தட்டு எனக்கு, மற்றவை மீனுக்கு என்று உடன்பாடாகியிருக்கிறது. மேல்தட்டில் பெரிய பாட்டில் நிற்காது என்பதால் இப்போது எல்லாம் 600 மில்லி பாட்டில்கள், எண்ணிக்கைதான் கூடிவிட்டது.

இதற்கிடையில் நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் தலைமுறைகளாகக் காத்து வந்த குவைக் ஈஸ்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். ‘வோஸ்’ என்ற வகை, உலர்ந்த பொட்டலம். அதற்கு 35 முதல் 40 டிகிரி வேண்டுமாம், ஆரஞ்சு வாசனை தருமாம். குளிர்நாட்டு ஈஸ்டுக்குச் சிங்கப்பூர் வெயில் போதவில்லை என்பது நல்ல வேடிக்கை! இந்த முறை பாட்டில்களுக்கு ஓய்வு. வோர்ட்டை 35இல் ஊற்றி, அதே பைக்குள் மூடிவைத்து, ஈஸ்டின் சொந்தச் சூட்டையே தக்கவைக்க முடிகிறதா என்று பார்க்கப்போகிறேன். மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) பழையபடியே. இல்லாவிட்டால் எந்த வாசனை எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.