சோம்பு மணக்கும் மேடு

சிரியாவின் கடலோர நகரமான லதாக்கியாவிலிருந்து மினிபஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, "ராஸ் ஷம்ரா" என்று கையைக் காட்டினார். இறங்கிக் கொஞ்சம் நடந்ததும் பாதையோரத்தில் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்த ஒரு செடியின் இலையைக் கிள்ளிக் கசக்கிப் பார்த்தேன். சோம்பு வாசனை. அரபியில் ஷம்ரா என்றால் சோம்பு, ராஸ் என்றால் தலை. சோம்பு விளையும் முனை. இந்த மேட்டுக்கு அடியில்தான் உகாரித் நகரம் 3,000 ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்தது.

நான் போனது 2010 ஏப்ரலில், சிரியாவில் போர் மூள்வதற்கு முந்தைய ஆண்டு. தோள்பையில் ஒரே ஒரு கட்டுத் தாள்தான் இருந்தது: உகாரித்தின் பாகால் காவியம், மூல ஒலிபெயர்ப்போடு. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் பாகால் தெரிந்த பெயர். கர்மேல் மலையில் எலியாவிடம் தோற்றுப்போன தீர்க்கதரிசிகளின் தெய்வம். அந்தத் தெய்வத்தைப் பற்றி நெடுங்காலம் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவரை வெறுத்தவர்கள் எழுதி வைத்ததுதான். அவரைக் கும்பிட்டவர்கள் என்ன பாடினார்கள் என்பது இந்த மேட்டிலிருந்துதான் வெளியே வந்தது.

1928இல் பக்கத்துக் கடலோரமான மினெத் எல்-பெய்தாவில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பை கல்லில் இடித்தது. அடியில் ஒரு கல்லறை. அடுத்த ஆண்டே குளோத் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சுக் குழு தோண்ட வந்தது. சீக்கிரமே மேட்டுக்கு மாறினார்கள். 1929 மே மாதத்தில் களிமண் ஏடுகள் கிடைத்தன. ஆப்பு வடிவ எழுத்துதான், ஆனால் பாபிலோனிய எழுத்தைப்போல நூற்றுக்கணக்கான குறிகள் இல்லை. எண்ணிப் பார்த்தால் 30. அப்படியென்றால் இது அகரவரிசை எழுத்து.

ஒன்றரை ஆண்டுக்குள் அதைப் படித்துவிட்டார்கள். பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் விரோல்லோவுக்குக் கிடைத்த முதல் துப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தோண்டும்போது வெண்கல வாய்ச்சிகள் கிடைத்தன. அவற்றில் பொறித்திருந்த அதே ஆறு எழுத்துகள் ஓர் ஏட்டின் தொடக்கத்திலும் வந்தன, ஆனால் முன்னால் ஓர் எழுத்து கூடுதலாக. வாய்ச்சியில் இருப்பது உடையவரின் பெயரோ பட்டமோ என்றால், ஏட்டில் இருப்பது 'அவருக்கு' எழுதிய கடிதம். அந்தக் கூடுதல் எழுத்து 'ல்'. எபிரேயத்திலும் அரபியிலும் 'க்கு' என்பதற்கு அதுதானே! ஹான்ஸ் பௌவரும் எதுவார் தோர்மும் தனித்தனியாக மீதியை அவிழ்த்தார்கள். அந்த ஆறு எழுத்துக்குப் பொருள் 'தலைமைக் குரு'. அதனால்தான் அந்த வாய்ச்சிகள் கிடைத்த வீட்டுக்குத் தலைமைக் குருவின் வீடு என்று பெயர்.

லதாக்கியாவுக்கு வருமுன் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் அந்த 30 எழுத்தையும் வரிசையாக எழுதிய களிமண் ஏட்டைப் பார்த்திருந்தேன். என் சுண்டுவிரல் நீளம்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கு முட்ட நின்று எண்ணினேன். அ, ப், க்... கிரேக்கர்கள் ஆல்பா, பீட்டா, காமா என்று சொன்ன அதே வரிசை!

மேட்டில் அரண்மனை பெரிது, 90 அறை சொல்கிறார்கள். நான் அங்கே அதிகம் நிற்கவில்லை. வீடுகளின் தரைக்கு அடியில் கட்டிய குடும்பக் கல்லறைகளை எட்டிப் பார்த்துவிட்டு உச்சிக்கு ஏறினேன். பாகால் கோயிலில் மிஞ்சியிருப்பது பருத்த சுவர்களின் அடிப்பகுதி. மாலுமிகள் காணிக்கையாக வைத்த 17 கல் நங்கூரங்கள் இங்கே கிடைத்தன. இதற்கும் தாகோன் கோயில் எனப்படும் இடத்துக்கும் நடுவில்தான் குருவின் வீடு. முழங்கால் உயரக் கற்கள், நடுவே புல். காவியத்தின் ஏடுகள் கிடைத்த இடம் இதுதான்.

அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து தாள்களை எடுத்தேன். ஆறு ஏடுகள், எல்லாமே சிதைந்தவை. பாகால் கடலை வெல்கிறான், அரண்மனை கட்டுகிறான், சாவின் வாய்க்குள் போகிறான், திரும்பி வருகிறான். இது ஆண்டுதோறும் மாறும் பருவத்தின் கதையா, அரசாட்சியின் கதையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் எனக்குப் படவில்லை. மழையை நம்பி வாழ்ந்த ஊரில் மழைத் தெய்வத்தின் ஆட்சிதான் ஆட்சி.

என்னை இழுத்தது எழுதிய கை. கடைசி ஏட்டின் முடிவில் கையெழுத்து இருக்கிறது: ஷுப்பானைச் சேர்ந்த இலிமில்கு, அத்தேனுவின் மாணவன், மன்னர் நிக்மத்துவின் காலம். நான்காம் ஏட்டின் நடுவே, கதைக்குள் சேராத ஒரு வரி: இளைஞர்களை அனுப்பிய பகுதிக்குத் திரும்பிப் போ. பாடுகிறவருக்கு எழுதி வைத்த குறிப்பு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அந்த நிக்மத்து கி.மு. 14ஆம் நூற்றாண்டு அரசர் என்றே வெகுகாலம் கருதினார்கள். 1992இல் உர்தேனு என்பவரின் வீட்டில் கிடைத்த ஏட்டில் மறுபடி இலிமில்குவின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு பலர் இலிமில்குவை கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு இறக்கிவிட்டார்கள். நகரம் எரிந்தது ஏறக்குறைய கி.மு. 1185இல். அப்படியானால் அந்த ஏடு சுட்ட மண்ணாகும் முன் அதைப் படித்தவர்கள் ஒரு தலைமுறை, மிஞ்சிப்போனால் இரண்டுதான்.

வடக்கே ஜெபல் அக்ரா தெரிந்தது, காவியத்தில் பாகால் குடியிருக்கும் சபோன் மலை. காவலாளி ஒருவர், அறுபது வயதிருக்கும், வந்து பக்கத்தில் நின்றார். "அக்ரா" என்று சொல்லித் தன் தலையைத் தடவிக் காட்டினார். வழுக்கை மலை. பிறகு என் மடியிலிருந்த தாளைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டார். அனாத் தேவி, இறந்த பாகாலுக்காக ஏங்கும் இடம் திறந்திருந்தது.

பசுவின் நெஞ்சு தன் கன்றுக்கு ஏங்குவதுபோல்,
ஆட்டின் நெஞ்சு தன் குட்டிக்கு ஏங்குவதுபோல்,
அனாத்தின் நெஞ்சு பாகாலுக்கு ஏங்குகிறது.

இந்த எழுத்தில் உயிரொலிகள் பெரும்பாலும் கிடையாது. மெய்கள் மட்டும் நிற்கும், மற்றதை அறிஞர்கள் உறவு மொழிகளை வைத்து நிரப்புகிறார்கள். அவர்கள் நிரப்பியபடி மூலத்தை மெதுவாக வாசித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'கன்று' வரும் இடத்தில், "இக்லு" என்றேன்.

"இஜ்ல்?" என்றார் சட்டென்று. மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இஜ்ல், இஜ்ல்" என்று தலையை ஆட்டிக்கொண்டே, உள்ளங்கையைத் தரைக்கு மேலே தன் முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினார், பிறந்து சில நாளே ஆன கன்று நிற்கும் உயரத்தில்.