பூந்திக்கொட்டைத் தொட்டியில் விழுந்த வாலட்

சேலத்தில் மொபைல் சர்வீஸ் டேபிளில் உட்கார்ந்து 11 வருஷம் ஆகிறது. நனைந்த போனைத் திறந்தால், எதில் விழுந்தது என்று வாசனையிலேயே தெரிந்துவிடும். டீ, சாம்பார், பாத்ரூம் எல்லாம் பார்த்தாயிற்று. அன்று வந்ததில் பூந்திக்கொட்டை வாசனை. செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனுடைய போன். கொலுசு கழுவும் தொட்டிக்குக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவிவிட்டதாம்.

“போன் போனாப் போகுது தம்பி. உள்ள காசு இருக்கு, அதை மட்டும் எடுத்துக் குடு.”

ஜிபே என்று நினைத்து, சிம்மை வேறு போனில் போட்டால் வந்துவிடும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “அது இல்ல. கிரிப்டோ.” மச்சான் பையன் வாலட், அதாவது கிரிப்டோ பணப்பைச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்து, டாலர் மதிப்போடு கட்டிய யூஎஸ்டிடி காயினை வாங்கி வைத்திருக்கிறான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியவில்லை.

காசு போனுக்குள் இல்லை என்பதைப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. காசு இருப்பது உலகம் முழுக்கப் பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் ஒரு பேரேட்டில். போனில் இருப்பது சாவி மட்டும். அந்தச் சாவி 12 வார்த்தைகளிலிருந்து பிறக்கிறது. வார்த்தைகள் கையில் இருந்தால் எந்தப் போனிலும் வாலட்டைத் திரும்பக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் செயலியைச் செய்தவனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

“அந்த வார்த்தைகளை எழுதி வச்சீங்களா?”

“கேட்டுச்சு தம்பி. ‘பிறகு’ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு, அதை அமுக்கிட்டேன்.”

அந்தப் ‘பிறகு’ பட்டனை வைத்தவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பீரோவை விற்றுவிட்டு, சாவியை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

முன்பெல்லாம் போர்டு செத்தாலும் மெமரி ஐசியைக் கழற்றி ரீடரில் போட்டுப் படித்துவிடுவோம். இப்போதைய ஆண்ட்ராய்டில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய தகவல். அதைத் திறக்கும் வழி அதே போர்டின் ப்ராசஸரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே போர்டுக்கே உயிர் வந்தாக வேண்டும். இரண்டு நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, துருவைத் துடைத்து, ஷார்ட் ஆன இரண்டு கெப்பாசிட்டரைத் தூக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம், டெஸ்ட் டிஸ்ப்ளேயை மாட்டியதும் எழுந்தது. ஆனால் ப்ராசஸர் பக்கம் விரல் வைக்க முடியாத சூடு. உடனே அணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பட்டறைச் சட்டையோடே வந்து நின்றார்.

போனை ஆன் செய்தோம். அவர் பின் நம்பரைப் போட்டு வாலட்டைத் திறந்தார். 12 ஆங்கில வார்த்தைகள் வந்து நின்றன.

“எனக்கு இங்கிலீசு எழுத வராது. நீயே எழுதிக் குடு.”

பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் கீழே வைத்தேன். அந்த வார்த்தைகள் என் கையெழுத்தில் ஒருமுறை வந்துவிட்டால், நாளைக்கு அவர் காசுக்கு என்ன ஆனாலும் முதல் சந்தேகம் என் மேல்தான். சந்தேகப்பட்டால் தப்பும் இல்லை.

அந்த வார்த்தைகள் எல்லாம் 2048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம் என்று வேறு சில மொழிகளிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆனால் ஆங்கிலப் பட்டியலில் ஒரு புண்ணியம் செய்திருக்கிறார்கள். எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் 4 எழுத்து ஒன்றாக இருக்காது.

“அண்ணா, படிக்க வேண்டாம். வரிசை மாறாம, ஒவ்வொண்ணுலயும் முதல் 4 எழுத்தை மட்டும் பாத்து வரைங்க” என்று சொல்லி, ஜாப் சீட்டின் வெற்றுப் பின்பக்கத்தை நீட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். கொலுசு டிசைன் போட்டுப் பழகிய கை. ஒவ்வொரு எழுத்தையும் பூ வேலை மாதிரி வரைந்தார். போர்டு எப்போது அணையுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. முடித்துவிட்டார்.

புதுப் போனில் அந்த எழுத்துகளைத் தட்டத் தட்டச் செயலியே முழு வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. இருப்பு வந்துவிட்டது. இன்னொரு புது வாலட் தொடங்கி, அதன் வார்த்தைகளை வீட்டில் தனியாக எழுதிக்கொண்டு, காசை அதற்கு மாற்றிவிடுங்கள் என்றேன். என் டேபிளில் திறந்த சாவி இனி வேண்டாம்.

“உன்னை நம்பாமலா தம்பி?”

அவர் தொழில் அப்படி. கிலோக் கணக்கில் வெள்ளி ஒரு துண்டுச் சீட்டை நம்பிக் கை மாறும். இந்தச் செயலியோ யாரையும் நம்ப வேண்டாம் என்பதற்காகவே செய்தது. அதன் நல்லதும் கெட்டதும் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியக் கிரிப்டோ பரிமாற்றத் தளம் ஒன்றில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புக்குத் திருட்டுப் போனபோது, அங்கே காசை விட்டு வைத்திருந்தவர்களால் எடுக்க முடியவில்லை. சொந்த வாலட்டில் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே ஆள் வார்த்தைகளைத் தொலைத்தால், போய் முறையிட ஒரு மேனேஜர்கூடக் கிடையாது.

நானும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஒருமுறை ஏற்காடு போகும் வழியில், 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியபோது, அனுப்பு என்று தட்டியதும் சிக்னல் போய்விட்டது. மேலே போய்ப் பேரேட்டில் பார்த்தேன். போகவில்லை, திரும்ப அனுப்பினேன். பேங்க் செயலி மாதிரி ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று நாள் இழுக்கவில்லை. எனக்குப் பிடித்தது இது. பிடிக்காதது, ட்ரான் என்ற பேரேட்டு நெட்வொர்க்கில் யூஎஸ்டிடி மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பப் பார்த்தது. கட்டணத்துக்கு அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் வேண்டும் என்று நின்றுவிட்டது. பையில் நோட்டு இருந்தும் சில்லறை இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கியது போல் இருந்தது.

வரி தனித் தலைவலி. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம், ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான். அன்றைக்கு ரூபாயில் என்ன விலை என்று ஆடிட்டர் கேட்டார். என் வாலட்டில் இருந்தது எண்ணும் எழுத்துமாக நீண்ட வரிகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணன் டெம்பர் கிளாஸ் மாற்ற வந்தார். புது வாலட் போட்டாயிற்றாம். காகிதம் நனையும், கிழியும் என்று, கொலுசுக்குச் சீல் அடிக்கும் எழுத்து அச்சை வைத்து ஒரு தகட்டில் அந்த எழுத்துகளை அடித்துவிட்டாராம்.

“எங்க வச்சிருக்கேன் தெரியுமா தம்பி…” என்று டேபிள் மேல் சாய்ந்தார்.

ஹாட் ஏர் மெஷினை ஆன் செய்து, சத்தத்தைக் கூட்டினேன்.